ஆளில்லாத கடைக்கு வந்த முந்நூறு ரூபாய்

பாப்பாவுக்குச் சத்துமாவு அனுப்பும் தில்லி முனிர்கா பகுதி அக்காவுக்கு விளம்பரம் ஆன்லைன், ஆர்டர் ஆன்லைன். பணம் மட்டும் கையில்தான் தர வேண்டும். யுபிஐ கூடவே கூடாதாம்.

ஃபிராடோ? மாவில் கலப்படமோ? நெட்டில் தேடித் தேடிப் பயந்துகொண்டிருந்தேன்.

இன்று காலை பதினோரு மணிக்கு டெலிவரி பையா வாசலில். பர்ஸில் பத்து ரூபாய்கூட இல்லை. இடுப்பில் பாப்பா பசியில் கத்துகிறாள். "மேடம், ஜல்தி!" என்கிறார் அவர். மாவுப் பாக்கெட்டில் அச்சடித்திருந்த போன் நம்பருக்கே யுபிஐயில் முந்நூறு ரூபாயைத் தட்டிவிட்டேன்.

உடனே அக்கா போன். கிசுகிசுவென்று ஒரு குரல்.

"என்னம்மா பண்ணிட்டே! அது எங்க மளிகைக் கடைக் கணக்கு. பணம் வந்தா சத்தமா சொல்ற பெட்டி அங்க இருக்கு, அது முந்நூறு ரூபாய் வந்தாச்சுன்னு இந்தியில கத்திடுச்சு. கல்லாவுல என் மாமியார்! நான் மாவு விக்கிறதே அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா அந்தக் காசும் கடைக் காசாயிடும். எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்."

"ஐயோ அக்கா! கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"அதுக்கு மேல. கடையில அப்போ ஒரு ஈ காக்கா இல்ல. சாமியே அனுப்பிச்சிருக்குன்னு பெட்டிக்குக் குங்குமம் வச்சு, சூடம் காட்டிட்டு இருக்காங்க."

பாப்பா கஞ்சி குடித்துத் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இப்போது அக்காவிடமிருந்து மெசேஜ்:

"நாளைக்கும் அதே நேரத்துக்கு அனுப்புவியாம்மா? அத்தை பெட்டிக்குப் பூ வாங்கி வச்சுட்டுக் காத்திருக்காங்க. வரலைன்னா யோசிக்க ஆரம்பிச்சுடுவாங்க."

வீட்டில் இன்னும் ஒரு மாதத்துக்கு மாவு இருக்கிறது. நாளை காலை பதினோரு மணிக்குத் தெய்வமாக இருக்க யாருக்காவது வசதிப்படுமா? மாவு நன்றாகத்தான் இருக்கிறது.