காலி இடத்துக்குப் போட்ட துண்டு

"எதிர்காலத் தேவை" என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்கு இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வரும். வியட்நாமின் சைகோனில் பிடித்த வியாதி அது.

அங்கே பென் தான் என்கிற சந்தைக்கு அருகே ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், மெயின்ஃபிரேம் என்கிற பழைய காலத்துப் பெருங்கணினியின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சென்னையிலிருந்து போயிருந்தேன். ஊரே கைப்பேசியில் காப்பி வரவழைத்துக் குடிக்கிற காலத்தில், எங்கள் கம்பெனி மட்டும் அந்தக் கிழட்டு இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு மாரடித்தது. இயந்திரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கொடுத்ததை ஒழுங்காகச் செய்தது.

அதில் எதைச் சேமிப்பதானாலும் முன்கூட்டியே டிஸ்க்கில் இடம் கேட்டு வாங்க வேண்டும். வாங்கிய பிறகு உள்ளே ஒன்றும் வைக்காவிட்டாலும் இடம் உங்களுடையதுதான். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்போமே, அதே கதை. எங்கள் மேலாளரும் சென்னைக்காரர்தான். பாதி டிஸ்க்குக்குத் துண்டு போட்டு வைத்திருந்தார்.

பெயர் வைக்கும் விதிகளை எழுதியதும் அவரே. பிடித்து வைத்த இடங்களுக்குத் துறையின் பெயர். எந்த ஆளின் பெயரும் இருக்காது. இயந்திரத்தில் தினமும் ஓட்டுகிற வேலைகளுக்கோ அவற்றை ஓட்டுபவரின் முதலெழுத்துகள். அப்போதுதான் பொறுப்பு வருமாம். வேலை பாதியில் நின்றால் அந்த எழுத்துகளோடு மேலிடம் வரை மின்னஞ்சல் போகும். ஒழுங்காக முடிந்தால் ஒருவருக்கும் போகாது.

மருத்துவமனைகள் அனுப்பும் காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பதிவு செய்கிற வேலையைப் பக்கத்து மேசைப் பெண்மணி ஓட்டினார். என்னைவிட மூத்தவர் என்பதால் வியட்நாமிய வழக்கப்படி அவர்கள் மொழியில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பக்கத்து மாகாணமான பின் யுவோங்கிலிருந்து முகமூடியும் மழைக்கோட்டுமாக மோட்டார் சைக்கிளில் வருவார். அவருடைய ஒப்பந்தம் தெட் புத்தாண்டோடு முடிய இருந்தது. நீட்டிப்பார்கள் என்று நம்பி, மகளை ஆபீஸுக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்திருந்தார்.

பண்டிகை நெருங்க நெருங்கக் கோரிக்கைகள் குவிந்தன. எழுத இடமில்லாமல் அவருடைய வேலை பட்டப்பகலில் நின்றது. மின்னஞ்சல் பறந்தது. பழைய பதிவுகளை அப்புறப்படுத்தி, சுருக்கி, என்னென்னவோ செய்து மறுபடி ஓட்டினார். மறுநாளும் நின்றது. பொறுக்க முடியாமல் மேலாளரின் அறைக்குப் போனேன்.

"சார், நம்ம துறை பேர்ல இருக்கற இடத்துல ஒண்ணுமே இல்ல. கொஞ்சம் விட்டா அவங்க வேலை ஓடிடும்."

தெட்டுக்கு வறுத்து விற்கிற தர்பூசணி விதையைக் கொறித்து, தோலைக் காப்பிக் கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தார் அவர்.

"அது ஃபியூச்சருக்குப்பா. ஒரு தடவை விட்டா திரும்ப வராது. தொடாத."

அவர் அனுமதியில்லாமல் அதைத் தொட எனக்கு வழியில்லை. மேலிடத்துக்கு எழுதினேன். உங்கள் மேலாளரிடம் பேசுங்கள் என்று பதில் வந்தது. அந்தக் கோப்பையில் மிதந்த தோல்கள் என் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. அதற்குப் பிறகு அந்த ஆபீஸில் நான் காப்பி குடிக்கவில்லை.

அக்காவின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. வேலை அடிக்கடி நின்றது காரணமாம், மின்னஞ்சல்களே சாட்சியாம். மேசையைத் துடைத்து, ஆபீஸுக்குள் போடுகிற செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இடம் இருந்துச்சு, இல்லையா?"

இருந்தது என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

விடுமுறை முடிந்து வந்தால், புது டிஸ்க் வந்திருந்தது. அக்காவின் வேலை நின்ற மின்னஞ்சல்களைக் காட்டித்தான் மேலாளர் அதை வாங்கியிருந்தார். வந்த அன்றே அதில் பாதிக்குத் துண்டு விழுந்தது. மீதியில் அக்காவின் வேலைக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. அதை ஓட்டுவது இப்போது நான். அதன் பெயரை மாற்ற மேலாளரிடம் அனுமதி கேட்டேன். பார்க்கலாம் என்றார், பார்க்கவே இல்லை.

நான் ஊர் திரும்பும்வரை அது அக்காவின் முதலெழுத்துகளோடுதான் ஓடியது. ஒரு நாள்கூட நிற்கவில்லை. அதனால் ஒருவருக்கும் மின்னஞ்சல் போகவில்லை.