ஏழாவது கேள்வியும் என் துஆவும்

போன வருடம் ஜூன் மாதம். ஏற்காட்டில் மழை பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. வெளிநாட்டுப் படிப்பிலிருந்து விடுமுறைக்கு வந்த மகளுக்காக அம்மா தினமும் எதையாவது வறுத்துப் பொரித்து வைத்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. "அந்த ஊர்ச் சாப்பாடு வயித்தக் கெடுத்துப்போட்டுது" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். என் வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. என் கணினியில் ஒரு படிவம் திறந்து கிடந்தது. அதன் ஏழாவது கேள்விக்கு நான் பதில் எழுதவேண்டும். 'ஆம்' என்று எழுதினால் என் படிப்பு போய்விடலாம். 'இல்லை' என்று எழுதினால் அது பொய்.

இதைப் படிக்கும் சகோதரிகளே, இதை எழுதுவதற்கு எனக்கு ஒரு வருடம் பிடித்தது. வெட்கம்தான் காரணம். துஆவால் நோய் தீர்ந்த அனுபவம் என்றால் உடனே எழுதியிருப்பேன். இது நானே தேடிக்கொண்ட வினை.

என் பெயர் நஸ்ரின். என் அத்தா ஏற்காடு கடைவீதியில் காப்பித்தூளும் மிளகும் விற்கிறார். வீடு கரடியூர் போகும் வழியில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் மேல்படிப்புக்குக் கடல் தாண்டிய முதல் ஆள் நான். படிப்பது உணவுத் தர ஆய்வு. எந்த நாடு என்று எழுதவில்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். என் கதையைப் படித்துவிட்டு யாரும் தங்கள் நாட்டுச் சட்டத்தை ஊகிக்க வேண்டாம்.

முதல் ஆறு மாதம் அங்கே நான் அழாத நாள் குறைவு. குளிர் ஒரு பக்கம், பாஷை ஒரு பக்கம். பல்கலைக்கழகத்து உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவும் வேலை கிடைத்தது. வெளிநாட்டு மாணவர்கள் வளாகத்துக்குள்ளே மட்டும், அதுவும் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்றுதான் வேலை செய்யலாம். முக்காட்டுக்கு மேல் பிளாஸ்டிக் தொப்பி மாட்டிக்கொண்டு, நீராவிக்கு நடுவே கென்யாக்காரி ஒருத்தியோடும் வியட்நாம்காரி ஒருத்தியோடும் நின்று கழுவுவேன். ஊரில் என் தட்டைக்கூட நான் கழுவியதில்லை என்பதை, அம்மா இதைப் படிப்பார் என்று தெரிந்தே சொல்லிக்கொள்கிறேன். அடுத்த பருவத்தில் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களைச் சுத்தம் செய்யும் வேலை வந்தது. மெல்ல மெல்லச் சிரிக்கவும் ஆரம்பித்தேன்.

வளாகத்துக்கு வெளியே இரண்டு தெரு தள்ளி ஒரு மளிகைக் கடை இருந்தது. நடத்துபவர் கோபிச்செட்டிபாளையத்துக் கோமதி அக்கா. பருப்பு வாங்கப்போன இடத்தில் "ஏங்கண்ணு, சேலத்துப் பக்கமா?" என்று கேட்டார். அந்த ஒரு 'கண்ணு'க்காக நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம் அது என் இன்னொரு வீடாகிவிட்டது.

ஒருநாள் அக்கா பதறிக்கொண்டு வந்தார். "கண்ணு, பையன பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டியாரணும். அர மணி நேரம் கடைய பாத்துக்கிறியா?"

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் கடைவீதியில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு அத்தா கடையைப் பூட்டிவிட்டுப் போய் நான் பார்த்ததில்லை. பக்கத்தில் தைலமும் பொம்மையும் விற்கும் செல்வண்ணன் பார்த்துக்கொள்வார். அவர் சேர்வராயன் கோயிலுக்குப் போனால் அவர் கடையை நாங்கள் பார்த்துக்கொள்வோம். கோடை விழாக் கூட்டத்தில் ஒருத்தர் சாப்பிடப் போனால் எதிர்க்கடைக்காரர் வந்து நிற்பார். இதற்குக் கூலி கேட்டால் சிரிப்பார்கள். பத்து வயதிலிருந்து நான் அடுத்தவர் கடையில் நின்று பழகியவள். கோமதி அக்கா கடையிலும் போய் நின்றேன். அது புதன், வெள்ளி என்று வாடிக்கையாகிவிட்டது. நான்கு மாதம் நின்றிருப்பேன். சம்பளம் கிடையாது. எப்போதாவது ஒரு கட்டுக் கறிவேப்பிலை தருவார். கடையின் முகநூல் பக்கத்தில் நான் எடைபோடுவது போல ஒரு படத்தையும் ஆசையாகப் போட்டிருந்தார்.

அந்தப் பருவத்தின் கடைசியில் எனக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. வேறொரு நகரத்தில் காப்பிக் கொட்டையின் தரம் பார்க்கும் நிறுவனம் ஒன்று பயிற்சி வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தது. காப்பிக்காரர் மகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? போனில் சொன்ன அன்றே அத்தா கடைவீதி முழுக்கச் சொல்லிவிட்டார். வெளியே போய் வேலை செய்யப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் அனுமதி தரவேண்டும். அதற்காக நடந்த கூட்டத்தில் ஆலோசகர் அம்மையார் ஒவ்வொரு விதியாக விளக்கிக்கொண்டு வந்தார். வளாகத்துக்கு வெளியே ஒரு கடையில் சம்பளமில்லாமல் உதவினாலும் அது அனுமதியில்லாத வேலைதான் என்றார். நான்கு மாதமாக நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

அன்றே கோமதி அக்காவிடம் ஓடிப்போய் முகநூலிலிருந்து அந்தப் படத்தை நீக்கச் சொன்னேன். நீக்கிவிட்டார். கடைக்குப் போவதையும் நிறுத்தினேன். மூன்றாம் நாள் ஊருக்கு விமானம் ஏறினேன்.

ஏழாவது கேள்வி இதுதான்: 'வளாகத்துக்கு வெளியே அனுமதி இல்லாமல், ஊதியத்துடனோ ஊதியமின்றியோ, எப்போதாவது வேலை செய்ததுண்டா?' திங்கட்கிழமைக்குள் அனுப்பவேண்டும்.

படம் போய்விட்டது. இனி எனக்கும் அக்காவுக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும். ஐந்து வேளையும் ஒரே துஆ கேட்டேன். "யா அல்லாஹ், நீ குறைகளை மறைப்பவன். இதையும் மறைத்துவிடு. யார் கண்ணிலும் படாமல் செய்துவிடு." ஸஜ்தாவில் நெற்றியை வைத்து, தொழுகை விரிப்பு நனையும்வரை அழுதேன். எழுந்து கணினி முன்னால் உட்கார்ந்தால் கை ஓடாது. 'இல்லை' என்பதில் விரலை வைப்பேன், எடுப்பேன். இப்படி ஒரு வாரம். அத்தாவும் அம்மாவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் எரிந்து விழுந்தேன். அதற்காகவும் தனியாக அழுதேன்.

அந்த வெள்ளிக்கிழமை மூடுபனி. வீட்டில் நெட் எடுக்கவில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், பின்னால் மூட்டைகள் அடுக்கிய அறையில் உட்கார்ந்தேன். இன்று அனுப்பிவிட்டுத்தான் எழுந்திருப்பது என்று நினைத்துக்கொண்டேன். 'இல்லை' என்றுதான் அனுப்பப்போகிறேன் என்பதும் எனக்குள் முடிவாகியிருந்தது. அத்தா எட்டிப் பார்த்தார். "நீ உன்ற வேலையப் பாரு கண்ணு. செல்வம் இருக்காப்ல" என்று சொல்லிவிட்டு ஜும்ஆவுக்குப் போனார். நான் உள்ளேயே லுஹர் தொழுதேன். அதே துஆவுக்குக் கையை ஏந்தினேன்.

முன்னால் பேச்சுச் சத்தம் கேட்டது. அத்தா திரும்பி வந்திருந்தார். இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் செல்வண்ணன் ஆரம்பித்துவிட்டார்.

"பாய், ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. கார்ல வந்த அம்மா சிக்கரி போடாத தூள்தான் கேட்டாங்க. நான் பேச்சு மும்முரத்துல கலந்த டப்பாவுல இருந்து போட்டுக் குடுத்துட்டனுங்க. அவங்க போனப்பறம்தான் டப்பாவ பாத்தேன். ஏரி வரைக்கும் ஓடுனேன். கார் போயிருச்சுங்க."

"அட, உடுங்க செல்வம். கேட்டு வந்தா மாத்திக் குடுத்தரலாம்."

"அவங்க வந்து கேக்கறப்ப உங்களுக்கு ஒண்ணுமே தெரியாம நின்னா நல்லாவாங்க இருக்கும்? கடைய என்ற கையில குடுத்துட்டுப் போனீங்க. ஆனத சொல்லிப்போட்டுத்தானுங்க நான் என்ற கடைக்குப் போவணும்."

ஏந்திய கை அப்படியே நின்றுவிட்டது.  அடுத்தவர் கடையைப் பார்த்துக்கொள்ளும் வழக்கத்தில் பாதியைத்தான் நான் வெளிநாட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறேன். மறுபாதி இது: திரும்பி வந்தவரிடம், அவர் கேட்பதற்கு முன்பே, நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் கல்லாவை விட்டு இறங்கவேண்டும். பத்து வயதில் எனக்குச் சொல்லித் தந்ததே அதுதான். ஒரு வாரமாக மறைக்கச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தேனே, எனக்குப் பதில் வந்துவிட்டது என்று அந்த நிமிடம் தெரிந்தது. நான் கேட்ட பதில் அது இல்லை. அதனால் பயம் இன்னும் அதிகமானது.

செல்வண்ணன் போனதும் அத்தாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அத்தாவின் முகம் வெளுத்துவிட்டது.

"காசு வாங்குனியா சாமி?"

"இல்லீங்கத்தா."

"படத்தையுந்தான் எடுத்தாச்சே. அப்பறம் எதுக்குச் சொல்லோணும்? இல்லைன்னு போட்டுரு."

எங்கள் அத்தா பொய் சொல்பவர் இல்லை. பயத்தில் சொன்னார். பெற்றவர் பயம். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"செல்வண்ணன் இப்ப உங்ககிட்டச் சொன்னாங்களே அத்தா. அவங்க சொல்லலீன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

 அத்தா மிளகு மூட்டைமேல் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். கடைக்கு இரண்டு பேர் வந்து கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில், "எழுது கண்ணு. திருப்பி அனுப்புனா அனுப்பட்டும். செல்வத்துக்கு நொம்ப நாளா கடைக்கு ஒரு ஆள் வேணுமாமா" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். ஆனால் இரண்டு பேரும் அழுதோம்.

'ஆம்' என்று எழுதினேன். எந்தக் கடை, எந்த நாட்கள், எத்தனை மாதம், படம் போட்டது, பயந்து எடுக்கச் சொன்னது, எதையும் விடவில்லை. எங்கள் ஊரில் கடை பார்த்துக்கொள்வது எப்படி என்பதையும் எழுதினேன். கோமதி அக்காவைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "உங்கிட்ட கேட்டது என்ற தப்பு கண்ணு. நானும் எழுதித் தர்றேன்" என்று அவரும் ஒரு கடிதம் அனுப்பினார். அஸர் தொழுதுவிட்டு அனுப்பு என்ற பொத்தானை அமுக்கினேன். அன்றைக்குத்தான் ஒரு வாரத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

பதில் வரப் பதினொரு நாள் ஆனது. இப்போது என் துஆ மாறியிருந்தது. "எது நல்லதோ அதைக் கொடு, அதைத் தாங்கும் மனதையும் கொடு" என்று மட்டும் கேட்டேன். பதினோராம் நாள் மாலை ஆலோசகர் காணொளியில் அழைத்தார். அத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் என் பக்கத்தில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பயிற்சி வேலைக்கு அனுமதி கிடையாது என்றார் ஆலோசகர். அந்த நிறுவனம் எனக்காகக் காத்திருக்காது. எழுத்தில் ஓர் எச்சரிக்கை என் கோப்பில் ஏறும். ஆனால் படிப்பைத் தொடரலாம். ஆய்வுக்கூட வேலையும் இருக்கும். "யாரும் கண்டுபிடிக்கும் முன்னே நீயே வந்து சொன்னதால்தான் என் மேலாளர்களிடம் உனக்காகப் பேச முடிந்தது" என்றார். அல்ஹம்துலில்லாஹ்! அத்தா என் தோளைத் தட்டி, "என்னங்கறாங்க, என்னங்கறாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "படிப்பு போகலீங்கத்தா" என்றேன்.

ஆலோசகர் இன்னொன்றும் சொன்னார். இதே தவறை எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் செய்கிறார்களாம். ஒருத்தி சித்தியின் அழகு நிலையத்தில் நிற்பாளாம், ஒருவன் நண்பனின் உணவகத்தில் காய் நறுக்குவானாம். உதவிதானே என்று நினைப்பவர்களுக்கு விதிப்புத்தகத்தைப் படித்துக் காட்டினால் புரிவதில்லை. "உன் கடைவீதிக் கதையைப் புதிய மாணவர்களிடம் நீ சொல்வாயா? எங்கள் அலுவலகத்தில் மாணவ வழிகாட்டி வேலை ஒன்று இருக்கிறது. சம்பளத்தோடு, வளாகத்துக்குள்ளேயே."

சகோதரிகளே, யார் கண்ணிலும் படாமல் மறைத்துவிடு என்று கேட்டவள் நான். இப்போது ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஓர் அரங்கம் நிறைய உட்கார்ந்திருக்கும் புதிய பிள்ளைகள் முன்னால், ஒலிபெருக்கியைப் பிடித்து, என் குற்றத்தை நானே சொல்கிறேன். அதற்குச் சம்பளமும் வாங்குகிறேன்! முதல் தடவை பேசி முடித்ததும் ஒரு பெண் ஓரமாக வந்து, "அக்கா, நானும் ஒரு கடையில்..." என்று ஆரம்பித்தாள். அவளை ஆலோசகரிடம் நானே கூட்டிப்போனேன்.

இந்த வருடம் வேறொரு நிறுவனத்தின் பயிற்சிக்கு மறுபடி விண்ணப்பித்தேன். அதே படிவம், அதே ஏழாவது கேள்வி. தயங்காமல் 'ஆம்' என்று எழுதி விவரத்தை இணைத்தேன். அனுமதி வந்துவிட்டது. அடுத்த மாதம் சேருகிறேன், இன்ஷா அல்லாஹ். ஆனால் அந்த முதல் பயிற்சி வேலை கை நழுவியது இன்னும் கொஞ்சம் வலிக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

உங்களிலும் யாராவது எதையாவது மூடி வைத்துக்கொண்டு அது தெரியக்கூடாது என்று கேட்டு அழுதுகொண்டிருக்கலாம். கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். அவன் கேட்கிறான். ஆனால் பதில் வேறு வாசல் வழியாக வந்தால் கதவைச் சாத்திவிடாதீர்கள். எனக்கு அது பக்கத்துக் கடை செல்வண்ணன் வாயிலிருந்து வந்தது.

இப்போது விடுமுறைக்கு ஏற்காட்டில்தான் இருக்கிறேன். நேற்று செல்வண்ணன் சேர்வராயன் கோயிலுக்குப் போனார். அவர் கடையை நான் பார்த்துக்கொண்டேன். எடுத்து வைக்கும்போது ஒரு தைலப் புட்டி கை தவறி உடைந்துவிட்டது. கடை முழுக்க யூகலிப்டஸ் வாசனை. அவர் இன்னும் படியேறவில்லை, நான் உள்ளேயிருந்தே கத்தினேன். "அண்ணா, ஒரு புட்டிய ஒடச்சுட்டனுங்க!"

அவர் படியிலேயே நின்று சிரித்தார். "அட, மணிக்கூண்டு வரைக்கும் வாசம் வருது. அதச் சொல்லோணுமா கண்ணு?"

"சொல்லோணுங்கண்ணா" என்றேன்.