பத்திரிகையில் இல்லாத தாய்மாமன்

யாராவது பக்கத்தில் வந்து நின்றால் அன்புச்செல்வி அக்கா கம்ப்யூட்டர் திரையைச் சற்றே சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். செங்கம் ரோட்டில் கலீல் பாய் வைத்திருந்த டி.டி.பி. கடையில் அவள் கல்யாணப் பத்திரிகைகளை டைப் செய்தாள். அச்சாகி வந்ததை நான் மடித்தேன். எதை மறைக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

கணவன் விட்டுப்போனவள். தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். இரண்டு மகள்கள் படித்தது அவள் சம்பளத்தில்.

2001 ஆவணியில் சக்கரவர்த்தி என்பவர் தன் மகளின் பத்திரிகைக் கட்டை மேசைமேல் போட்டார்.

"தாய்மாமன் பேரு எங்கம்மா? நான் கையெழுத்துப் போட்ட புரூஃப்ல சுப்பன்னு இருக்குதே."

அக்கா புரூஃபையும் பத்திரிகையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாப்ள வீட்டுக்காரங்க எடுக்கச் சொன்னாங்களா? அவங்களுக்கு என் மச்சானக் கண்டாலே ஆவாது."

"நான் எடுக்கலீங்க."

"பின்ன, பேரு எழுந்து நடந்து போச்சா?"

பாய் தலைநிமிரவில்லை. "நாளைலேர்ந்து நீ வர வேணாம்மா" என்றார்.

அவள் திரையைத் திருப்பிக்கொள்வதை நினைத்து நானும் அவளைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. புரூஃப் முடிந்த மறுநாள் சக்கரவர்த்தி போன் செய்து, அண்ணாமலையார் படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். அக்கா சாப்பிடப் போயிருந்தாள். பாயே உட்கார்ந்து படத்தை இழுத்தார். இடம் போதாமல், எழுத்து இருந்த கட்டத்தைச் சுருக்கினார். கட்டத்தின் அடியில் சின்னதாய் ஒரு சிவப்புக் குறி வந்தது. அது வந்தால் கட்டத்தைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்ப வேண்டும் என்று அக்கா ஒருமுறை சொல்லியிருக்கிறாள். பாய் அப்படியே அனுப்பிவிட்டார்.

எனக்கும் சம்பளம் தருபவர் அவர்தான். ஆனாலும் அவள் பை எடுத்துக்கொண்டு எழுந்தபோது அருகில் போனேன்.

"அக்கா, அந்தச் செவப்புக் குறியப் புடிச்சு கீழ இழு."

அந்தப் பத்திரிகையைத் திரையில் திறந்து இழுத்தாள். கடைசி வரியாகச் சுப்பன் பெயர் வந்து நின்றது.

"இவ்ளோ நேரம் எங்க இருந்துது?" என்றார் சக்கரவர்த்தி.

"உள்ளதான் இருந்துதுங்க. கட்டம் சின்னதானதால தெரியல."

"யாரு சின்னதாக்கினது?"

அவளுக்குத் தெரியாது. நான் பாயைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான்தாங்க. படத்தப் பெருசாக்கச் சொன்னீங்களே" என்றார். அன்றே புதிதாக அடித்துக் கொடுத்தார்.

பெயர் இல்லாத பத்திரிகையை முதலில் பார்த்துவிட்ட சுப்பன் வீட்டார், அது தவறுதலாக மறைந்தது என்ற எங்கள் பேச்சை இன்னமும் நம்பவில்லை. விசேஷங்களுக்கு வேறு கடையில் அடிக்கிறார்கள். அன்புச்செல்வி அக்கா இப்போதும் பாய் கடையில்தான் வேலை செய்கிறாள்.