மாதிரியா, சரக்கா?

செய்தியைக் கொண்டுவந்தவர் முத்தையா. கண்டிக் கடைத்தெருவில் சூசைப்பிள்ளையின் ஏலக்காய்க் கிட்டங்கியில் நிறுவைக்காரர். விடிந்ததும் வந்து வாசலில் நின்றார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்ததைப் பார்த்தபோதே எனக்கு விளங்கிவிட்டது.

"மொதலாளி போயிட்டாருங்க மாஸ்டர்."

"எப்படி?"

"கதிரையில சாஞ்சு தூங்குற மாதிரிதான் இருந்தாரு. தேத்தண்ணியை வச்சிட்டு எழுப்புனேன்..."

அந்தத் துயரத்திலும் ஒரு கணம் என் காது காத்திருந்தது. "மாதிரியா, சரக்கா?" என்று ஒரு குரல் குறுக்கே விழ வேண்டும். விழவில்லை. அப்போதுதான் அவர் இறந்துவிட்டார் என்பதை நம்பினேன்.

அவரோடு கொஞ்ச நேரம் பேசியவர்களுக்கும் இந்தக் கேள்வி தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடல் கடந்து சரக்கு விற்கிறவர்கள் முதலில் ஒரு சிறு பொட்டலம் அனுப்புவார்கள். அதற்கு மாதிரி என்று பெயர். வாங்குபவர் அதைப் பார்த்துச் சம்மதித்த பிறகே மூட்டைகள் கொழும்புக்குப் போய்க் கப்பலேறும். நம் பேச்சிலோ எதற்கெடுத்தாலும் 'மாதிரி' வந்துவிடும். மழை வரும் மாதிரி இருக்கிறது என்போம். காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்போம். சூசைப்பிள்ளையின் முன்னால் அப்படி ஒரு வாக்கியத்தை நிம்மதியாக முடிக்க முடியாது. தேநீர்க் கடைக்காரர் ஒருநாள், "இன்னைக்குப் பாலு கொஞ்சம் தண்ணி மாதிரி..." என்று தொடங்கினார்.

"மாதிரியா, சரக்கா?"

"சரக்கேதாங்க" என்று அவர் தலையைத் தொங்கப்போட்டார்.

முதல் தடவை கேட்பவர்கள் சிரிப்பார்கள். நான் இருபது வருடங்களுக்கு மேல் கேட்டேன்.

எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் ஓய்வுபெற்றபோது பிரிவுபசார உரை ஆற்றியவன் நான். கூட்டம் கைதட்டியது. வெளியே வந்ததும் சூசைப்பிள்ளை சொன்னார்: "நல்லாத்தான் பேசுனீங்க மாஸ்டர். ஆனா மூட்டையோட வாயிலேயே அள்ளிட்டீங்க. நடுவுல கையை விடலியே." மாதிரி எடுக்கும்போது அவர் மூட்டையின் மேலிருந்து ஒருபோதும் எடுக்கமாட்டார். மூட்டையைக் குத்தி எடுக்கும் குத்தூசியும் போடமாட்டார்; ஏலக்காய் நசுங்குமாம். முழங்கை மறைய வலது கையை உள்ளே விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி, அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். ஆகவே இந்த அஞ்சலியையும் அவருடைய முறையிலேயே எழுதுகிறேன். மேலாக இருந்த நல்ல குணங்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். நடுவில் கை விட்டால் அகப்படுவது பிடிவாதம்.

விலைகள் விழுந்து, தோட்டங்களில் ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். என் மனைவியின் தம்பி செபஸ்தியான், பன்விலவுக்கு மேலே காட்டோரமாக ஓர் ஏலக்காய்த் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். அந்த வருடக் காய் விற்றால் தோட்டம் அவனிடம் நிற்கும், விற்காவிட்டால் போய்விடும். சூசைப்பிள்ளை லண்டனுக்கு மாதிரி அனுப்பி, அங்கே ஒருவர் சம்மதித்திருந்தார். பச்சை நிறம் மாறாமல் உலர்த்திய காய்தான் அவர் கேட்டது. மாதிரியும் அப்படியே இருந்தது.

மூட்டைகள் கிட்டங்கிக்கு வந்த அன்று நானும் போயிருந்தேன். முதல் மூட்டையில் கையை விட்டு எடுத்த சூசைப்பிள்ளை, அள்ளியதை முகர்ந்து பார்த்தார். காய்கள் வெள்ளை வெளேரென்று அழகாக இருந்தன.

"தம்பி, கந்தகப் புகை போட்டியா?"

"காயவைக்கிற நேரத்துல மழை புடிச்சிக்கிச்சுங்க மொதலாளி. தோல்ல கறை விழுந்திருச்சு. புகை போட்டதும் பாருங்க, மல்லிகை மொட்டு மாதிரி..."

சொல்லவே வேண்டாம். கேள்வி வந்தது.

செபஸ்தியானுக்குக் கோபம் வந்துவிட்டது. "வெளிநாட்டுல வெள்ளைக் காய்க்குத்தாங்க மதிப்பு! உள்ளாற விதையை உடைச்சிப் பாருங்க."

சூசைப்பிள்ளை உடைத்தார். மென்றார். "விதை நல்லாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்போ அனுப்பிருவோமே" என்றேன்.

"நல்லதா கெட்டதான்னு நான் பார்க்கல மாஸ்டர். அவரு கேட்டது இதுவா?"

ஒரு மணி நேரம் வாதாடினேன். என் தொழில் வழக்கப்படி உதாரணங்கள் சொன்னேன். சேலை ஒன்று கேட்டவளுக்கு அதைவிட நல்ல சேலை கிடைத்தால் வேண்டாம் என்பாளா? "அவ கடைக்கு வந்து தொட்டுப் பார்ப்பா. வேணாம்னா மூஞ்சியில எறிஞ்சிட்டுப் போவா. லண்டன்காரரு எப்படி எறிவாரு?" என்றார் அவர். கடைசியில் ஓர் இணக்கம் வந்தது. தந்தி கொடுத்துக் கேட்பது. நான் எழுதினேன்: மழை பட்டது, நிறம் வெளுத்தது, விதை நன்று, அனுப்பலாமா?

"புகை எங்க?"

"நிறம் வெளுத்ததுன்னு சொல்லியிருக்கிறோமே. தந்தியில ஒவ்வொரு சொல்லும் காசுதானே?"

"அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மாஸ்டர் தந்தியே."

புகை சேர்ந்தது. லண்டனிலிருந்து வேண்டாம் என்று பதில் வந்தது. இந்தக் கதையின் முடிவில் அந்த லண்டன்காரர் இவருடைய நேர்மையை மெச்சி மறு வருடம் இரட்டிப்பாக வாங்கினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். வாங்கவில்லை. அவர் வேறெங்கோ போய்விட்டார். காய் உள்ளூர்க் கடைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. செபஸ்தியானின் தோட்டம் போயிற்று. அவன் ஹந்தானையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். என் மனைவி, கிறிஸ்து பிறந்த நாளான அந்த நத்தாரிலிருந்து சூசைப்பிள்ளை வீட்டுக்குப் பலகாரம் அனுப்புவதை நிறுத்திவிட்டாள். அவரோ ஒவ்வொரு நத்தாருக்கும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். இதுவும் ஒரு வகைப் பிடிவாதம்தான்.

பின்னொரு சமயம் கண்டி வியாபாரிகள் சிலர் கூடி, வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு நடத்தை விதிகள் வேண்டும் என்று தீர்மானித்தார்கள். எழுதும் பொறுப்பு சூசைப்பிள்ளைக்கு வந்தது. நல்ல தமிழில் எழுத என்னிடம் வந்தார். நான் தலைப்புப் பிரித்து அழகாக எழுதி வைத்தேன். அவர் மாலைதோறும் வந்து ஒவ்வொன்றாக அடித்து நீக்குவார்.

"நேர்மையாக நடத்தல் வேண்டும்."

"இதை யாரு வேணாங்கப் போறா? எடுங்க."

"வாங்குவோரின் நம்பிக்கையைக் காத்தல் வேண்டும்."

"எப்படி? எந்தக் கையால?"

"உங்க கையாலயே எழுதிக்குங்க!" என்று பேனாவை வைத்துவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு ஒரு வாக்கியம் சொன்னார். நான் திரும்பப் பேனாவை எடுத்தேன். எல்லாம் அடிபட்டு மிஞ்சியது அது ஒன்றுதான்: 'வாங்குகிறவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார், மூட்டையில் கை விட அவரால் முடியாது, ஆகவே நீ விடும் கை அவருடைய கை.'

வியாபாரிகள் வாசித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார்கள். பிறகு வேறு யாரோ நீளமாக எழுதிக் கொடுத்தார்கள். அதில் என் பழைய வாக்கியங்கள் போன்றவை நிறைய இருந்தன.

அடக்கத்துக்குச் செபஸ்தியான் ஹந்தானையிலிருந்து இறங்கி வந்தான். அவன் வருவான் என்று நான் நினைக்கவில்லை. பெட்டியைத் தூக்கத் தோள் கொடுத்தான். திரும்பி நடக்கும்போது, "அந்த மனுசன் என் கையைக் கெடுத்துட்டுப் போயிட்டாரு அத்தான்" என்றான்.

"என்னடா?"

"தேயிலைப் பெட்டியை மூடப்போற நேரம், தன்னால கை நடுவுக்குள்ள போகுது. தூளை நசுக்காதேன்னு தொழிற்சாலையைப் பார்க்குற டீ மேக்கர் ஐயா ஏசுறாரு. விட முடியல. பார்க்காம மூடுனா அன்னைக்குச் சோறு எறங்காது." எரிச்சலோடுதான் சொன்னான். கண் கலங்கியிருந்தது.

அன்று சூசைப்பிள்ளையின் மனைவி அலுமாரியைத் திறந்து ஒரு தகரப் பேணியை எடுத்து என்னிடம் தந்தார். எடுக்கும் மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அனுப்பி, மறுபாதியை அரக்கு வைத்து மூடி வைத்திருப்பது அவர் வழக்கம். சரக்கு போய்ச் சேர்ந்து, ஒத்திருக்கிறது என்று பதில் வந்த பிறகே திறப்பார். பிறகு அது சமையலுக்குப் போகும்.

"இது ஒங்க மச்சினன் தோட்டத்துக் காயி, மாஸ்டர். இத்தனை வருசமா திறக்க விடல. கேட்டா, 'சரக்கு இன்னும் வந்து சேரல'ம்பாரு."

பேணியைச் செபஸ்தியானிடம் நீட்டினேன். அவன் மூடியை ஒருமுறை முகர்ந்தான். "நீங்களே வச்சிருங்க அத்தான்" என்று திருப்பிக் கொடுத்தான். என் மனைவி அதை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்து எங்கள் அலுமாரியில் வைத்தாள். இந்த நத்தாருக்கு அந்த வீட்டுக்குப் பலகாரம் போகும் என்று சொன்னாள். செபஸ்தியானின் கையை நினைத்தபோது, சரக்கு வந்து சேர்ந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றியது. ஆனாலும் அரக்கை உடைக்கவில்லை.

அவரை அறிந்தவர்களே, இங்கே எழுதியிருப்பது உங்களுக்கு அனுப்பும் பாதி. மறுபாதி என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. ஒத்துப் பார்க்க வேண்டும் என்பவர்கள் வரலாம்.