மூன்று வருட மின்சாரம்

2008 நவம்பர் 19, புதன்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு நான் ஒரு பொய் சொன்னேன். ஒரே ஒரு சொல்: "இல்லை." அதைக்கொண்டு ஒரு மனிதரின் பிழைப்பைப் பறித்தேன்!

அன்றும் வழக்கம்போல ஐந்தே காலுக்கு எழுந்தேன். மூன்று இட்லி சாப்பிட்டேன். எட்டு மணிக்கு, சிவகாசியில் நான் மேனேஜராக இருந்த அச்சகத்தைத் திறந்தேன். ஒன்பதுக்குக் கரண்ட் போனது. பக்கத்துக் காம்பவுண்டில் காசிம் பாயின் ஜெனரேட்டர் உறுமியது; எங்கள் மிஷினில் காலண்டர் தாள்கள் மறுபடி ஓடின.

பாய் பழைய காகித வியாபாரி. அந்த ஜூலையில் மின்வெட்டு கழுத்தை நெரித்தபோது, நாமே ஜெனரேட்டர் வாங்குவதா, வெளியில் கரண்ட் வாங்குவதா என்று முதலாளி கேட்டார். வெளியில் வாங்கலாம் என்றேன். மூன்று வருடம், ஒரே ரேட் என்று பாயிடம் பேசி முடித்தோம். அதை நம்பி, இருந்த ஒரே மனையை விற்று அவர் ஜெனரேட்டர் இறக்கினார். எங்கள் சுவர் வரை கேபிள் புதைத்தார்.

"எழுதிக்கிடுவமா?" என்று கேட்டவரிடம், "நமக்குள்ள என்ன பாய்!" என்றவன் நான். என் டைரியில் மட்டும் எழுதிவைத்தேன்.

தீபாவளி முடிந்ததும் முதலாளிக்கு ஒரு குறிப்பு கொடுத்தேன்: 'கேபிள் நம் சுவரோடு முடிகிறது. மற்ற அச்சகங்கள் சொந்த ஜெனரேட்டர் வாங்கிவிட்டன. பாயால் வேறு யாருக்கும் கரண்ட் விற்க முடியாது. ரேட்டைப் பாதியாக்கினால் டீசல் காசுகூடத் தேறாது; ஜெனரேட்டரையே நமக்குக் கொடுத்துவிடுவார்.'

என்ன தெளிவு! என்ன அழகான கையெழுத்து! அந்தக் கையை ஒடிக்க வேண்டாமா?

அந்தப் புதன்கிழமை முதலாளி பாயைக் கூப்பிட்டனுப்பினார்.

"பாதி ரேட்டுன்னா ஓட்டுங்க பாய். இல்லாட்டி மிஷினை நமக்கே தள்ளிவிட்ருங்க."

"மூணு வருசம்னு சொன்னீகளே அண்ணாச்சி! அதை நம்பித்தானே அம்புட்டுப் பெரிய மிஷினை எறக்குனேன்?"

"எந்தக் காகிதத்துல சொன்னேன்?"

பாய் சிரித்தார். ஆமாம், சிரித்தார்... "காகிதம் என்னத்துக்கு? நம்ம மேனேஜரு எத்தனை தும்மல் தும்முனாருன்னுகூட டைரியில எழுதுறவரு. அவுகளையே கேளுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். "எழுதியிருக்கீரா?"

"இல்லை."

உச்சிப்பொழுதுக்குள் பாய் பழைய இரும்பு விலைக்கு ஜெனரேட்டரை விட்டுக்கொடுத்தார்.

முதலாளி மிரட்டினார் என்று நினைக்கிறீர்களா? இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்குமா? போயிருக்காது! பின் ஏன்? என் குறிப்பு பலிக்க வேண்டும்... நான் போட்ட திட்டம் வரிக்கு வரி நடக்க வேண்டும். அவ்வளவுதான். இதற்குப் பெயர் நிர்வாகத் திறமையாம்! அந்த வருடம் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நீங்களும் அங்கே இருந்திருந்தால் கை குலுக்கியிருப்பீர்கள். தயவுசெய்து இப்போது என்னைத் தேற்ற வராதீர்கள்.

மறுநாள் காலை முதல் வேலையாக, ஜெனரேட்டரை எங்கள் பக்கம் இழுப்பதற்காக நடுச்சுவரை இடிக்கக் கொத்தனாரோடு போய் நின்றேன். அந்தப் பக்கம் பாய் தன் காகிதக் கட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நிமிர்ந்தார்.

"தூசி பறக்கும் மேனேஜரே, சட்டை வெள்ளை. தள்ளி நின்னுக்கிடுங்க."

தள்ளி நின்றேன். எத்தனை அடி இடிக்க என்று கொத்தனார் கேட்டார். டேப்பைப் பிடித்து அளந்து சொன்னேன்: ஒன்பதரை.