ஈசான மூலையின் களி

ரெனியிடம் மண்ணைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துவிட்டுச் சீக்கிரம் தப்பியவர் யாருமில்லை. மட்டக்களப்பு நகரத்தில் போர்த்துக்கீச வழிவந்த பறங்கிப் பெண். கட்டிடம் எழும்பும் இடங்களில் மண்ணின் பலம் பார்ப்பது அவள் வேலை. நாலு இதழ் வைத்த இரும்புக் கம்பியைக் களிமண்ணுக்குள் குத்தி, கைப்பிடியைத் திருகுவாள். களி அறுந்து கொடுக்கும்வரை எவ்வளவு முறுக்கைத் தாங்கியது என்று முள் காட்டும். முள் காட்டியதை அவள் வாயால் மாற்றிச் சொல்லவைக்க எந்தக் கொம்பனாலும் முடியாது.

வவுணதீவில் பாலர் பாடசாலைக்கு அத்திவாரக் கிடங்கு வெட்டியிருந்தார்கள். ஆசிரியை ஆர்த்திகா வானத்தைப் பார்த்தபடி நின்றாள். மாரி மழைக்கு முதல் கொங்கிறீற் போடாவிட்டால், ஒழுகுகிற தகரக் கொட்டிலில்தான் பிள்ளைகளுக்கு இன்னொரு வருடம். ரெனி திருகிப் பார்த்தபோது மூன்று மூலையிலும் களி கல்லுப்போல நின்றது. வடகிழக்கு மூலையில் முள் பாதிகூட ஏறவில்லை.

"நாலு மூலைக் கணக்கையும் கூட்டி நாலாப் பிரிச்சாச் சரிதானே மிஸ்?" என்றார் கட்டிடக் கொந்தராத்துக்காரர் தனோஜன்.

"கூட்டிப் பிரிச்சுக் கட்டிடத்த நிப்பாட்டுவீங்களா? போங்க அங்கால!" என்றாள் ரெனி.

ஆர்த்திகாவின் கண் கலங்கியது. ரெனிக்கும் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக முள்ளைக் கையால் ஏற்றிவிட முடியுமா? மற்ற மூலைகள் இறுகிக் கிடக்க இது மட்டும் ஏன் இளகியது என்று யோசித்தாள்.

"இதில தண்ணி கிண்ணி ஊத்தினீங்களா?"

"இல்லையே!" என்றார்கள் எல்லோரும். பிறகு ஆர்த்திகா இழுத்தாள். "நேத்து அடிக்கல் பூசை. ஈசான மூலையெண்டு தாய்மார் எல்லாரும் ஆளுக்கொரு குடம் மஞ்சத்தண்ணி..."

பூசைத் தண்ணீரை யாருமே தண்ணீர் என்று நினைக்கவில்லை!

ரெனி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரியான தான் பூசை செய்த மூலையில் இறங்கலாமா என்று கேட்டாள்.

"இதென்ன கேள்வி? இறங்குங்க மிஸ்!"

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, ஊறிய களியைத் தானே மண்வெட்டியால் வழித்தெடுத்தாள். அடியில் கறுத்து இறுகிய களி. திருகினாள். முள் ஏறி மற்ற மூலைகளுக்குச் சமமாக நின்றது. அப்படியும் விட்டாளா? தள்ளித் தள்ளி இன்னும் பல இடத்தில் குத்திப் பார்த்தாள். என்ன பொம்பிளை அவள்!

"போடுங்க கொங்கிறீற். தோண்டின பள்ளத்தையும் அதாலதான் நிரப்பணும். மண்ணப் போட்டீங்களெண்டா நான் சும்மா விடமாட்டன்."

தனோஜன் லொறிக்குப் போன் எடுத்தார். ரெனி கருவியைக் கழுவிப் பெட்டியில் வைத்தாள். ஆர்த்திகா ஓடிவந்து அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த மூலையிலதான் மிஸ், சின்னப் புள்ளையள் படுத்து நித்திரை கொள்ளுற அறை வருது."

ரெனி பெட்டியைத் திறந்து கம்பியை எடுத்தாள்; திரும்பவும் கிடங்குக்குள் இறங்கினாள்.