பதிமூன்று ஸ்டோனுக்கு ஒரு நடை: செம்பவாங்கிலிருந்து சிராங்கூன் சாலை வரை

சிங்கப்பூரின் தாம்சன் சாலையைப் பற்றி முன்பு எழுதிய பதிவைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐயா, செம்பவாங்கிலிருந்து லிட்டில் இந்தியா வரை நடந்தே போக முடியுமா? எடை குறைக்க வேண்டும்." முடியும். நான் போயிருக்கிறேன். 1968இல், முதலில் தொடர்ந்து ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். எடை குறைந்ததா என்று கேட்டால், அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் டாக்யார்டில், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில், கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரன் தளத்தைக் காலி செய்துவிட்டுப் போகப் போகிறான், வேலையெல்லாம் என்ன ஆகுமோ என்று எல்லோரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த வருஷம். அந்த நேரம் பார்த்து எனக்கு மருத்துவப் பரிசோதனை வந்தது. எடை பதினான்கு ஸ்டோன் ஒரு ராத்தல். ஒரு ஸ்டோனுக்குப் பதினான்கு ராத்தல், ஆக மொத்தம் 197 ராத்தல். இன்றைய கணக்கில் எண்பத்தொன்பது கிலோ. இரும்பு ஏணியில் ஏறிப் போய் உட்கார்ந்தால் பத்து நிமிஷம் எனக்கு மூச்சு வாங்கும்.

கிளினிக்கில் டாக்டருக்கு அடுத்தபடி இருந்தவர் டிரெஸ்ஸர். மருந்து கலப்பது, ஊசி போடுவது, திட்டுவது எல்லாம் அவர்தான். "தம்பி, ஏழாவது வாரம் செவ்வாய்க்கிழமை மறுபடி வாங்க. பதிமூணு ஸ்டோனுக்கு மேல ஒரு ராத்தல் இருந்தாலும் கிரேன்ல ஏற விட மாட்டாங்க. பிரஷர் வேற ஏறிப் போய் நிக்குது. குடிக்கறதைக் குறைங்க, நடங்க" என்றார். பதிமூன்று ஸ்டோன் என்றால் 182 ராத்தல். கிரேன் போனால் கீழே நின்று கொக்கி மாட்டுகிற வேலைதான். ஆள் குறைக்கும்போது கொக்கி மாட்டுகிறவனைத்தான் முதலில் அனுப்புவார்கள் என்று கேன்டீனில் பேச்சு. வீட்டில் மூன்று மாதக் கைக்குழந்தை.

அன்றைக்கே கள்ளை விட்டேன். பீரையும் விட்டேன். சத்தியமாக விட்டேன். தினமும் சாயங்காலம் கள்ளுக்கடைப் பக்கம் தானாகத் திரும்பிய காலை இழுத்துப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஞாயிறு தோறும் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலை வரை நடப்பது, அங்கே ஒரு மளிகை மண்டியில் எடை பார்ப்பது, பஸ்ஸில் திரும்புவது என்று ஏற்பாடு. தூரம் பதின்மூன்று மைல், இருபத்தொரு கிலோமீட்டர். இங்கே நான் சொல்லப்போவது ஆறாவது ஞாயிறு. செவ்வாய்க்கிழமை பரிசோதனை.

காலை 5.30க்குத் தளத்தின் வாசலைத் தாண்டினேன். நல்ல இருட்டு. தோளில் கான்வாஸ் பை. அதில் தண்ணீர், துண்டு, நான்கு இட்லி, அப்புறம் என் மருந்து. மருந்து என்றால் கருப்பு பீர், ஸ்டவுட். முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் பிள்ளை பெற்றவளுக்கு ரத்தம் ஊற ஸ்டவுட் கொடுப்பார்கள். சொந்தக்காரர்கள் குழந்தையைப் பார்க்க வரும்போது பழம் கொண்டுவருகிற மாதிரி பாட்டில் கொண்டுவருவார்கள். என் மனைவி செல்லத்துக்கு வந்ததே ஆறு பாட்டில். நடந்து நடந்து நான் இளைத்துப் போகக் கூடாது என்று ராத்திரி ஒரு பாட்டிலில் இரண்டு பச்சை முட்டை அடித்துக் கலக்கித் தருவாள். ஞாயிற்றுக்கிழமை வழிக்கு ஒன்று. அது சாராயக் கணக்கில் சேராது என்பதில் எனக்கு அப்போது துளிக்கூடச் சந்தேகம் இல்லை.

அப்போது சாலையோரம் மைல் கற்கள் இருந்தன. நகரத்திலிருந்து எண்ணிக்கொண்டு வருவதால், நகரத்தை நோக்கி நடக்கும்போது எண் குறைந்துகொண்டே போகும். என் எடை குறையாவிட்டாலும் கல்லாவது குறைகிறதே என்று ஒரு அற்ப சந்தோஷம். நீசூன் கிராமம் வரும்போது மணி 6.50. கோப்பிக் கடையில் சீனி இல்லாத கோப்பி ஓ, அதாவது பால் சேர்க்காத கடுங்காப்பி, வாங்கினேன், பத்துக் காசு. கடைக்காரச் சீனர் ஒவ்வொரு வாரமும் என்னைப் பார்த்து, "சீனி வேணாமா? வீட்டில் யாராவது செத்துட்டாங்களா?" என்று மலாயில் கேட்பார். இல்லை என்று ஒவ்வொரு வாரமும் சொல்வேன். எனக்கும் அலுப்பு, அவருக்கும் அலுப்பு, இரண்டு பேரும் விடவில்லை.

நீசூனுக்கு அப்புறம் அப்பர் தாம்சன் சாலை. நான்கு மைல். இதுதான் ஆளைக் கொல்கிற இடம். ஒரு பக்கம் நீர்த்தேக்கத்துக் காடு, இன்னொரு பக்கம் ரப்பர் மரமும் பன்றிப் பண்ணையும். வளைவுக்கு மேல் வளைவு. வருஷத்தில் ஒரு தடவை இங்கே மோட்டார் பந்தயம் விடுவார்கள், மற்ற நாளெல்லாம் குரங்குதான். பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். என் இட்லியில் இரண்டு அங்கேதான் போயின. காய்கறி லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி ஏறிக்கொள் என்று கை காட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். லாரி வளைவில் மறைந்ததும், ஏறியிருக்கலாமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. உண்மையைத்தானே எழுத வேண்டும்?

எட்டாவது மைல் கல் பக்கத்தில் ஒரு மரத்தடி. அங்கே உட்கார்ந்து மருந்தைக் குடிப்பது வழக்கம். அன்றைக்குப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தும் ஓப்பனரைக் காணவில்லை. பல்லால் கடித்துப் பார்த்தேன். கல்லில் தட்டலாம் என்றால் பாட்டிலின் கழுத்து உடைந்துவிடுமோ என்று பயம். அந்தப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாக்கு வறண்டது, கை லேசாக நடுங்கியது, வீட்டில் யார் மேல் என்றில்லாமல் கோபம் வந்தது. நடந்த களைப்பு என்றுதான் நினைத்துக்கொண்டேன். தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது மணி 8.40.

தாம்சன் கிராமம் தாண்டி, பாலஸ்டியர் சாலை வழியாகத் திரும்பி, சிராங்கூன் சாலையில் கால் வைத்தபோது 10.35. இந்தக் கடைசி ஒரு மைலில் காலைவிட மூக்குக்குத்தான் சோதனை. மல்லிகை, மசால் வடை, வறுத்த மிளகாய், எல்லாம் சேர்ந்து அடிக்கும். கோப்பிக் கடை வாசலில் என்னோடு வேலை பார்க்கிற ரத்தினம் பீர் கிளாஸும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

"மச்சான்! வா வா. ஒரே ஒரு கிளாஸ் லா."

"நான்தான் விட்டுட்டேன்னு சொன்னேன்ல?"

"விட்டுட்ட. அப்ப அந்தத் தொப்பை யாரோடது?"

நான் பாட்டுக்கு நடந்தேன். பைக்குள் பாட்டில் இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது.

சாகுல் பாயின் மண்டி பஃபலோ சாலையில். நாகூர்ப் பக்கத்துக்காரர், வெங்காயமும் மிளகாயும் மொத்த வியாபாரம். மூட்டை நிறுக்கிற பெரிய மேடைத் தராசு அவரிடம் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் என்னை அதில் ஏற்றி, சுவரில் சாக்கட்டியால் எடையை எழுதி வைப்பார். 195, 193, 194, 193, 193. கூலியாட்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

அன்றைக்கு ஏறி நின்றேன். தராசின் தடியில் குண்டை நகர்த்திக்கொண்டே வந்தவர் புருவத்தை உயர்த்தினார். "நூத்தித் தொண்ணூத்தி ஏழு. என்ன வாத்தியாரே, ஏறிட்டீங்க?"

"பையோட நிக்கிறேன் பாய்."

பையை இறக்கி வைத்தேன். 193. சாக்கட்டியைக் காதில் செருகிக்கொண்டு, "பையில என்ன நாலு ராத்தல்?" என்று எட்டிப் பார்த்தார். பாட்டில் வெளியே உருண்டு வந்தது. அவர் அதைத் தொடவில்லை. காலால்கூடத் தள்ளவில்லை, ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றார்.

"இது என்ன?"

"மருந்து பாய். உடம்புக்கு."

"எந்த மருந்துக் கடையில குடுத்தாங்க?"

இதே பாட்டிலை பீர் கடையில், பீர் அடுக்கிய தட்டிலிருந்துதான் நான் வாங்குகிறேன்.

"தெனமுமா?"

"ராத்திரி மட்டும். ரெண்டு முட்டையோட. வீட்ல குடுக்கறாங்க."

சாகுல் பாய் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் தேவலை. சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் இதையெல்லாம் தொட்டதில்ல, எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா பன்னெண்டு மைலு, பதிமூணு மைலு நடந்து வந்து, என் மூட்டை மாதிரி அதே எடையில நிக்கிறீங்களே. எனக்கே கஷ்டமா இருக்கு" என்றார். எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். கூலியாட்கள் திரும்பி வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்கு அந்த மேடையிலிருந்து இறங்கவே கால் வரவில்லை.

பஸ் நாற்பது காசு. ஒரு இடத்தில் இறங்கி மாற வேண்டும். வழியெல்லாம் செல்லத்தை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். நான் பாட்டுக்கு விட்டவன்தானே, இவள் ஊற்றிக் கொடுத்துத்தானே இப்படி ஆயிற்று என்று. மூன்று மணிக்கு வீட்டுக்குள் நுழைந்து பாட்டிலை மேஜையில் வைத்தேன்.

"உன்னாலதான். உன் மருந்தாலதான் என் வேலை போகப் போகுது."

செல்லம் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தவே இல்லை. "என் மருந்தா? எனக்கு வந்த ஆறு பாட்டில்ல நான் குடிச்சது ஒண்ணு. கசக்குதுன்னு விட்டுட்டேன். கள்ளை விட்ட பத்தாவது நாள், 'பிள்ளை பெத்தவளுக்கே குடுக்கறாங்க, உடம்புக்கு நல்லதுதானே, எனக்கு ஊத்து'ன்னு சொன்னது யாரு? எனக்கு அந்த மூடியத் திறக்கவே தெரியாது. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"மிச்சம் அஞ்சும் தீந்தப்புறம் தெனம் ஒண்ணா வாங்கிட்டு வந்தது யாரு? இன்னிக்கு ஓப்பனரைப் பையிலேர்ந்து எடுத்து வச்சது நான்தான். ஒரு வாரமாவது சும்மா நடந்து பாருங்களேன்னு."

அவள் சொன்னது அத்தனையும் எனக்கு ஞாபகம் வந்தது. மறந்து போயிருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தப் பேச்சைப் பேசியவன் வேறு யாரோ என்பது போல ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தேன். ஒரு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட பொய்யைச் சுமந்துகொண்டு அத்தனை மைல் நடந்திருக்கிறேன். வெட்கத்தைவிட அசதிதான் அதிகமாக இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை 192. டிரெஸ்ஸர் ஒன்றும் திட்டவில்லை. மூன்று மாதம் தவணை போட்டு, கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். கொக்கி மாட்டினேன். மேலே என் கிரேனில் ரத்தினம் உட்கார்ந்திருந்தான். அவன் எடை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

இப்போது கேள்வி கேட்டவருக்கு. நடந்து போகலாம். மைல் கற்கள் இல்லை, பண்ணைகள் இல்லை, எதிரே வருகிறவர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு போவார். நடைபாதை நன்றாக இருக்கிறது, நிழல் உண்டு. நீர்த்தேக்கத்தை ஒட்டிய பகுதியில் குரங்குகள் இன்னும் இருக்கின்றன, அவற்றுக்கு இன்றைக்கும் இட்லி பிடிக்கும். ஐந்தரைக்கே கிளம்புங்கள், ஒன்பதுக்கு மேல் வெயில் தாங்காது. இரண்டு ஜோடிக் காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். தினமும் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்துவதாக இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள், என் கை நடுங்கியது நடையால் அல்ல. எடை பார்க்கும்போது பையை இறக்கி வைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு பைக்குள் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.

நான் அதற்கப்புறமும் பன்னிரண்டு ஞாயிறு நடந்தேன். சாகுல் பாயின் சுவரில் இடம் போதாமல் கதவில் எழுதினார். மூன்றாவது மாத முடிவில் கிளினிக்கில் 181. ஒரே ஒரு ராத்தல் வித்தியாசத்தில் கிரேன் திரும்பக் கிடைத்தது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மேஜையில் அந்தப் பழைய பாட்டில் இருந்தது. மூன்று மாதமாக அடுப்படி அலமாரியில் திறக்காமல் நின்ற அதே பாட்டில். பக்கத்தில் ஒரு கிளாஸ், ஓப்பனர்.

"குடிங்க, நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் செல்லம். "ஆனா இது மருந்தா, சாராயமா? அதைச் சொல்லிட்டுக் குடிங்க."

ஓப்பனரைக் கையில் எடுத்தேன். "சாராயம்" என்றேன்.

திறந்து ஊற்றினேன். பாதி கிளாஸுக்கு மேல் இறங்கவில்லை.